முகில் மேல் விழுந்த நிழல்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், பிசாசு, ஆவி ஒன்றையும் நம்புகிற ஆள் இல்லை நான். சொல்லப்போனால் எதையுமே லேசில் நம்பாத சந்தேகப் பிராணி. தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் மீன் வாங்குவேன். கோயிலில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி அழுதால், உண்மையாகத்தான் அழுகிறாரா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், என் சொந்தக் கடையில்.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். வேலையில் பாதி வெட்டி ஒட்டுகிற வேலைதான். அல்பங்களை எல்லாம் விட்டுவிட்டு ஓடிய சனம் எப்படியோ ஒரு படத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருக்கும். அதை ஸ்கான் பண்ணி, ஆளைச் சுற்றிக் கோடு பிடித்துக்கொண்டு போய், பாக்கிரவுண்டை அழித்துவிட்டால் ஆள் மட்டும் தனியே நிற்பார். பின்னால் ஒன்றுமில்லை என்று காட்ட, கொம்பியூட்டரில் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னக் கட்டங்கள் தெரியும். பிறகு அவரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம்.

இதில் எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருப்பவரை ஒட்டினால் காலடியில் மெல்லிசாக ஒரு நிழல் தீட்டுவோம், இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். செத்தவர்களுக்கு நிழல் கிடையாது. நினைவு அட்டையில் முகிலுக்கு மேலே விட்டுவிடுவோம், மிதக்கட்டும் என்று.

ஒருநாள் வெள்ளாங்குளம் பக்கம் மீளக்குடியேறிய ஒருவர் வந்தார், கடற்தொழில் செய்கிறவர். அவருடைய தம்பி சேவியர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். தம்பியின் ஆன்மாவுக்காகக் கோயிலில் இளைப்பாற்றிப் பூசை வைக்கப் போவதாகவும் அதற்கு அட்டை வேண்டுமென்றும் சொல்லிப் படத்தை நீட்டினார்.

"முழு ஆளாப் போடுங்கோ தம்பி. கால் தெரிய வேணும். கடலுக்கை நிண்ட கால்."

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில் எடுத்த படம். பெரிய மரத்தின் கீழே வெறுங்காலோடு சேவியர் நிற்கிறார். முழுக்க மர நிழல், வெயில் ஒரு பொட்டுக்கூட இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளை வெட்டியெடுத்து முகில் மேல் வைத்துவிட்டு அன்றைக்குக் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் காலை ஒரு அக்கா வந்தார். சேவியரின் மனைவி றெஜினா. கையில் மகள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் நின்ற படம்.

"பிள்ளைக்குப் பக்கத்தில தகப்பனை நிப்பாட்டித் தாங்கோ தம்பி. அவற்ர படத்தை அவற்ர தமையன் வடிவாக்கிறதெண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். இஞ்சதானே தந்தவர்?"

"ஓம் அக்கா, அட்டைக்கு வெட்டி வச்சிருக்கிறன்."

"என்ன அட்டை?"

பூசைக்குக் கேட்ட நினைவு அட்டை என்று சொன்னேன். அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் சொன்னது அவர் செத்திட்டாரெண்டு? கண்ணால கண்ட ஆள் இருக்கோ? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை என்ர மனுசனை முகிலுக்கை ஏத்துவினமோ?"

சரி, இந்தக் குடும்பத்தில் ஏதோ திருகுதாளம் இருக்கிறது, நம்மை நடுவில் மாட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் அச்சடிக்கவில்லை என்று காட்டி அவரை ஆற்றலாமென்று படத்தைத் திறந்தால், சேவியரின் காலடியிலிருந்து முகில் மேல் ஒரு நிழல் சரிந்து கிடக்கிறது.

பக்கத்து மேசையில் வேலை செய்கிற ராஜன் பகிடி விடுகிறவன், அவன் வேலைதான் என்று நினைத்தேன்.

"டேய், செத்த ஆளுக்கு ஏன்ரா நிழல் போட்டனீ?" என்று கத்திவிட்டு, அக்கா நிற்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மாவாண நான் தொடேல்லை அண்ணை."

அக்கா நிழலையே பார்த்துவிட்டுப் போனார். அழித்தேன். மத்தியானம் திறந்தால் காலைச் சுற்றிக் குட்டையாகக் கறுப்பு. அதையும் அழித்தேன். பின்னேரம் மற்றப் பக்கமாக நீண்டு கிடக்கிறது. வைரஸ் என்று வேறு கொம்பியூட்டரில் போட்டேன், அங்கேயும் அதே. ராஜனை வீட்டுக்கு அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு, முகிலைக் கழற்றி வெறும் கட்டத்தில் ஆளை மட்டும் விட்டுப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், ஒன்றுமில்லாத அந்தக் கட்டத்தின் மேலேயும் நிழல் விழுந்திருந்தது. எழும்பி வெளியே ஓடினேன். ரோட்டிலே லைட் கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் நீண்டு கிடந்ததோ, சேவியரின் நிழலும் அந்தப் பக்கம்தான். வெயில் நகர நகர அதுவும் நகர்ந்திருக்கிறது.

தமையனையும் றெஜினா அக்காவையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவர்கள் வந்த அன்றைக்கென்று பார்த்து மழை, தகரக் கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சோனாவாரி. வரும்போதே தமையன் என்னிடம் முறையிட்டுக்கொண்டுதான் வந்தார்.

"எத்தினை காலத்துக்குத் தம்பி இவள் வாசல் படலையைப் பாத்துக்கொண்டிருக்கிறது? பூசையை வச்சா இவளுக்கும் ஒரு ஆறுதல். எனக்கென்ன, அவனைச் சாகக் குடுக்க ஆசையே?" அந்த மனுசனைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

மழைக்கு நிழல் ஏது, இன்றைக்கு ஒன்றும் இருக்காது, நான்தான் விசரனாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். இருந்தது. முன்பை விடக் கறுப்பாக, வெட்டி வைத்த மாதிரி, நல்ல உச்சி வெயிலில் நிற்கிற ஆளின் நிழல். தமையன் குனிந்து பார்த்தார், வாசலில் கொட்டுகிற மழையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"அட்டை வேண்டாம் தம்பி," என்றார்.

றெஜினா அக்கா அழவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திரையில் அந்த நிழலைத் தொட்டார்.

"இஞ்ச இப்பிடி மழை கொட்டுது. இவர் எந்த ஊர் வெயிலுக்கை நிக்கிறார் தம்பி?"

மகளுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி அச்சடித்துக் கொடுத்தேன், நிழலில் நான் கைவைக்கவே இல்லை.

கொம்பியூட்டரை எத்தனையோ தரம் மாற்றிவிட்டேன், அந்தப் பைலை மட்டும் அழிக்கவில்லை. இன்றைக்கும் அக்கா இடைக்கிடை போன் எடுப்பார். சுகம் கேட்க மாட்டார். "கிடக்கோ தம்பி?" என்பார். நான் திறந்து பார்த்து "கிடக்கு அக்கா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார்.

பேயை நான் இப்போதும் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பைலைத் திறக்கும் முன் ஒவ்வொரு தரமும் நெஞ்சில் சிலுவை போடுகிறேன். ஒருநாள் நிழல் இல்லாமல் வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால், போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற அந்த மனுசிக்கு நான் என்ன சொல்வேன்?