மதராஸ் கவர்னரின் முகத்தைப் பார்க்க நியூ ஹேவன் வரை

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நாம் போடும் திட்டம் தெரிந்ததுதானே? நயாகரா, சுதந்திர தேவி சிலை, கோயில், அவுட்லெட் மால். இந்த அக்டோபரில் என் மாமனாரையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு அலைந்தோம். முழங்கால் வலியால் இதுதான் தன் கடைசி அமெரிக்கப் பயணம் என்று அவர் வந்தவுடனேயே சொல்லிவிட்டார். அவராகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நேரம் ஒதுக்கியது, அவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது.

மாமா சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். அங்கே கம்பெனி காலத்து கவர்னர் ஒருவருடைய சின்னப் பையனின் கல்லறை உண்டு. அதன் நிழலில்தான் மாமா பல நாள் டிபன் பாக்ஸைத் திறப்பாராம். "பையனை தினம் பாத்தாச்சு, அப்பன் மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்மா" என்பார். அந்த அப்பனின் ஓவியம் நியூ ஹேவனில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது.

அந்த கவர்னர், மதராஸுக்குக் குமாஸ்தாவாக வந்து, கவர்னராகி, சொந்த வியாபாரத்தில் கொழுத்து, புகார்கள் கிளம்பிப் பதவி போய், மூட்டை முடிச்சோடு லண்டன் திரும்பியவர். பிறகு அனுப்பிய சரக்குக்காக இங்கே ஒரு கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. பையன் மட்டும் மதராஸிலேயே தங்கிவிட்டான்.

என் கணவர் கார்த்தி அன்று லீவு போட்டிருந்தார். கிளம்பும் நேரத்தில் ஆபீஸிலிருந்து போன்.

"ப்ரொடக்‌ஷன் இஷ்யூ, உடனே உக்காந்து சரி பண்ணணும். நீ டிரைவ் பண்ணி அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடேன், ப்ளீஸ்."

"வேலையப் பாருப்பா" என்றார் மாமா. கார் தெரு முனை திரும்பும்வரை வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து நியூ ஹேவன் சுமார் நூற்று முப்பது மைல். பாலத்து டிராஃபிக்கோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது, பார்க்கிங்குக்குத்தான் அழ வேண்டும்.

ஓவியத்தின் முன் மாமா வெகுநேரம் நின்றார். கால் வலிக்குமே என்று நான் பெஞ்சைக் காட்டினேன். உட்காரவில்லை.

"புள்ளைய வேற தேசத்துல விட்டுட்டுக் கப்பல் ஏறின ஆளு. அது மூஞ்சில தெரியுதான்னு பாக்கத்தாம்மா வந்தேன்."

"தெரியுதா மாமா?"

"ஒண்ணும் தெரியல. கோட்டுதான் ஜோரா இருக்கு."

சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பும் வழியில், கார்த்தியும் வந்திருக்கலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: எந்த ஓவியம் இப்போது மாட்டியிருக்கிறது, எந்த நாள் விடுமுறை என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு போனால் வழியில் ஒரு முறையாவது நிறுத்துங்கள். நயாகரா எங்கேயும் போய்விடாது. அவர்கள் கேட்ட இடத்துக்கு முதலில் போங்கள், எல்லோரும் சேர்ந்து போங்கள்.

நெவார்க் ஏர்போர்ட்டுக்குக் கார்த்தி வந்தார். பெட்டியில் எடை கூடிவிட்டதால், அவுட்லெட் மாலில் வாங்கிக் கொடுத்த கனமான கோட்டை மாமா போட்டுக்கொண்டே விமானம் ஏற வேண்டியதாயிற்று. செக்யூரிட்டி வரிசைக்கு முன்னால் கார்த்தி போனை உயர்த்தி, "அப்பா, இங்க பாருங்க" என்றார். மாமா நிமிர்ந்து நின்று பார்த்தார்.

அந்தப் படத்தை நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோட்டுதான் ஜோராக இருக்கிறது.