கூடு கழற்றிய காற்றாடி

தூத்துக்குடியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு முக்கூடலுக்குப் போன ஒரு காலையில், ஊருக்குள் நுழையும் முன்பே லாரியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. பதினெட்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். முள் அத்தனை வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. ரோட்டோரம் ஒரு வீட்டு முன்னால் ஒதுக்கி, எஞ்சினை அணைத்தேன்.

கூட என் மனைவியின் அண்ணன் இருந்தார். கடற்கரைக்காரர். விசைப்படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர், கடல் வேலை போதுமென்று என்னோடு மாற்று டிரைவராக வரத் தொடங்கியிருந்தார். படகு எஞ்சினைக் கடல் தண்ணீரே குளிரவைத்துவிடும், லாரியில் இருப்பது போல் எஞ்சினைக் குளிரவைக்கும் காற்றாடி அதில் கிடையாது என்பார். அதனால் கேபினைத் தூக்கியதும் என்னைவிட ஆர்வமாக எட்டிப் பார்த்தார்.

பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஹோஸ் எங்கும் ஒழுகவில்லை. அவர் காற்றாடி இதழில் விரலை வைத்துத் தள்ளினார்.

“மாப்ள, வெரல வச்சாலே சுத்துது பாரும். பிடிமானமே இல்ல.”

அதுதான் கோளாறு. காற்றாடியின் நடுவில் ஒரு கிளட்ச் உண்டு. எஞ்சின் சூடேறினால் அது இறுகிக் காற்றாடியை முழு வேகத்தில் சுற்றவைக்க வேண்டும். அத்தனை சூட்டிலும் அது தளர்ந்து கிடந்தது. அதன் முகத்தில் எண்ணெய் வழிந்த கறை தெரிந்தது. போல்ட் போட்டு இறுக்கிப் பூட்டிவிட்டால் இறக்குமிடம் வரை ஓட்டலாம் என்று சொன்னேன். போல்ட்டுக்குக் கை எட்ட, காற்றாடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றித் தரையில் வைத்தோம்.

அதற்குள் அந்த வீட்டுக்காரம்மா மடியிலிருந்த பீடி சுற்றும் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். சூடு தணியாமல் ஊற்றக்கூடாது என்றதும், குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார்.

முக்கால் மணி நேரத்தில் பூட்டி முடித்தோம். தண்ணீரும் ஊற்றியாயிற்று. கூட்டை மாட்டும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தி மச்சான் ஸ்டார்ட் செய்தார். காற்று குபீரென்று வந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அவர் நின்றது காற்றாடிக்கு நேர் பக்கவாட்டில். அந்த நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கண்ணால் பார்க்கவும் செய்தேன். இரண்டு நிமிட வேலைதானே, தண்ணீர் தந்த மனுஷியை விரட்டுவானேன் என்று விட்டுவிட்டு, டீசல் பம்பின் லீவரைக் கையால் இழுத்து வேகத்தைக் கூட்டினேன்.

மச்சான் கிரீஸ் கையை நீட்டி, “யக்கா, கை கழுவ கொஞ்சம் தண்ணி ஊத்துங்க” என்றார்.

அந்த அம்மா மீதித் தண்ணீர் இருந்த குடத்தை எடுக்கக் குனிந்தார். மரக்கிளை முறிந்தது போல ஒரே சத்தம். எஞ்சின் கிடந்து ஆடியது. நான் லீவரை விட்டுவிட்டு அணைத்தேன். சுற்றுச்சுவரில் காரை பெயர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து நின்றிருந்தால் அவர் நெஞ்சுக்கு எந்த உயரமோ, அந்த உயரம். கீழே காற்றாடியின் ஓர் இதழ் கிடந்தது.

அவர் குனிந்தபடியே இருந்தார். பட்டுவிட்டது என்றே நினைத்தேன். மச்சான்தான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார். ஒரு கீறல்கூட இல்லை. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார், பிறகு இதழைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இதழைக் கையில் எடுத்தேன். முறிந்த இடத்தில் பாதி, அழுக்கேறிக் கறுத்திருந்தது. மீதிப் பாதிதான் புது முறிவு, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. விரிசல் எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ. தினமும் காலையில் எண்ணெய் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன், டயரைத் தட்டிப் பார்த்தேன். காற்றாடியின் இதழை ஒரு நாளும் தடவிப் பார்த்ததில்லை. அன்று முக்கால் மணி நேரம் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா என்னிடம் கேட்டார். “அங்கன நிக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மச்சான் முந்திக்கொண்டு, தனக்குத் தெரியாது என்றார். அது உண்மை. அந்த அம்மா கேட்டதோ என்னை.

“தெரியும்க்கா” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் புதுக் காற்றாடியும் கிளட்ச்சும் கொண்டுவந்து மாட்ட மத்தியானம் தாண்டிவிட்டது. கூட்டை மாட்டி, நான்கு பக்கமும் ஆளில்லை என்று பார்த்தபின்தான் ஸ்டார்ட் செய்யவிட்டேன். கிளம்பும்போது கதவைத் திறந்து அந்த அம்மா வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்கலாமென்று கிட்டே போனேன். அவர் கையமர்த்தினார்.

“இனி யாராது நின்னா, ஏசியாவது வெரட்டுங்க. அவுக மொகம் சுண்டிட்டுப் போனாப் போகட்டும்.”

சரியென்று தலையாட்டினேன். சாவியை மச்சானிடம் கொடுத்தேன்; உரம் இறக்கும் இடம் வரை அவர்தான் ஓட்டினார்.