ஆறு பேர் உள்ள வீடு

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் வீட்டுக் கதவு நிலையில் காவிக்கல்லால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் சர்க்கார் தலைக்கணக்கு எடுக்கப் போகிறதாம். இந்த மலையில் எத்தனை பேர், என்ன சாதி, என்ன பேச்சு, எல்லாம் அதற்குத் தெரிய வேண்டுமாம். நான் அந்த வீட்டுக்கு வந்து அப்போது ஐந்து வருஷம். மேளம் கொட்டி வரவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டு வந்தவரோடு மலையேறி வந்துவிட்டேன். அடிவாரத்தில் என் பிறந்த வீட்டார் அன்றைக்கே என்னைத் தலைமுழுகிவிட்டார்கள்.

மேலேயும் எனக்கு ஆரத்தி எடுக்கவில்லை. வேற்றுச் சாதிப் பெண்ணை வீட்டில் சேர்த்ததற்காக நாட்டுப் பெரியவர்கள் என் மாமனாரைக் கோயில் காரியத்திலிருந்து ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். அந்தக் கோபம் அவருக்குத் தீரவே இல்லை. நான் குத்திய சாமையும் நான் கிண்டிய களியும் மட்டும் அவருக்குக் கசக்கவில்லை.

அதனால்தான் எனக்குள் ஓர் ஆசை கிளம்பியது. இரண்டு பக்கமும் இல்லையென்று சொன்னவளைச் சர்க்காராவது இருக்கிறாள் என்று எழுதட்டுமே! மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். என் பெயரை எழுதுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

கணக்கெடுக்க வந்தவர் அடிவாரத்து வாத்தியார் ஒருவர். மலையேறிய களைப்பில் வேர்த்து வழிந்தது. வாசலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான் உள்ளே சாமை குத்திக்கொண்டிருந்தேன்.

"மொத்தம் எத்தனை பேரப்பா?"

"ஆறு பேருங்க. நானு, என்ற சம்சாரம், மூணு பசங்க, ஒரு பேரன்" என்றார் மாமனார்.

என் கணவர், கொழுந்தன்மார் இருவர், என் மகன் வரை எண்ணிவிட்டார். அவனைப் பெற்றவளை எண்ணவில்லை. என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். காயப்போட்ட மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுபோனார். வாத்தியார் கையை நீட்டவில்லை. "வேண்டாம்ப்பா. மலைக்காரங்க ஊட்டுல நான் தண்ணி குடிக்கறதில்ல."

மாமனாரின் முகம் சுருங்கியது. அடுத்த நொடியே மலர்ந்தது. "அதுக்கென்னங்க, எங்க ஊட்டுல உங்க சனத்துப் பொண்ணு ஒருத்தி இருக்குதுங்க. அவ கையில குடிங்க. கண்ணு, தண்ணி கொண்டா!"

தண்ணீர் கொடுக்க மட்டும் நான் அந்த வீட்டில் இருந்தேன். வேறு செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் புள்ளை கணக்குல இல்லையே. என்ன சாதின்னு போடறது?"

"எங்க சாதின்னு போட்டுறாதீங்க. நாட்டுல கேப்பாங்க."

"எங்க சனம்னு நான் போட முடியுமா? இங்க வந்து உண்டவளைக் கீழ ஆரு சேத்துவாங்க?"

ஊருக்கெல்லாம் தெரிந்த என்னைக் காகிதத்துக்கு மட்டும் தெரியக்கூடாது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்க. நான் இந்த ஊட்டுல ஆருங்க?" என்று கேட்டேன்.

அவர் மிளகிலிருந்து காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை சுத்தமாக ஒருநாளும் அவர் மிளகு பொறுக்கியதில்லை.

எதிரே நின்ற எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் காகிதத்தில் இருந்த ஆறு என்ற எண்ணை நான் படித்துவிட்டேன். வாத்தியார் அதை மடித்துப் பையில் வைத்தார். என் கைத் தண்ணீரையும் தொடவில்லை. தாகத்தோடு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

பொழுது சாய்ந்தும் நான் அடுப்பு மூட்டவில்லை.

"ஏன் கண்ணு, ஒடம்பு சரியில்லையா?" என்றார் மாமியார்.

"ஊட்டுல ஆறு பேருங்க அத்தை. சர்க்காரே எழுதிட்டுப் போயிருக்குது. அந்த ஆறுல ஆராச்சும் மூட்டட்டுங்க."

என் கணவர்தான் எழுந்துபோய் அடுப்பை மூட்டினார். புகையில் கண்ணைக் கசக்கியபடி களி கிண்டி, வட்டில்களை வரிசையாக வைத்து ஆளுக்கோர் உருண்டை போட்டார். எனக்கும் ஒன்றை நகர்த்தினார். பசி, தின்றேன்.

தின்றுகொண்டே வட்டில்களை எண்ணினேன். ஏழு இருந்தன. வாத்தியார் முன்னால் வாய் வராத மனுஷன், அடுப்படியில் ஒரு தலை பிசகாமல் எண்ணியிருந்தார். அதற்காகத்தான் அவரை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை.