ஆழியாற்றிலிருந்து மலையேறிய சோற்று மூட்டை

கோவை உக்கடத்தில் பஸ் ஏறும்போது என் முதுகுப்பையில் பாதிக்கு மேல் சாப்பாடுதான். மூன்று நாள் மலை நடக்கப் போகிறவர்கள் ரொட்டியும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். முதல் நாளைக்கு வாழையிலையில் புளிச்சோறு. மற்ற நாட்களுக்கு அரிசியும் துவரம்பருப்பும் கலந்த பை, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பாட்டில் நெய், வழியில் தின்ன வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், மண்ணெண்ணெய் ஸ்டவ்.

கூட வந்தவர் சுப்பிரமணி மச்சான், என் மனைவி செல்வியின் அண்ணன். தை மாதம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதன்பிறகு மனிதர் சாப்பாட்டை விட்டுவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. மலையேறினால் பசிக்கும், பசித்தால் சாப்பிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். எப்படியாவது அண்ணனைச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள் என்று செல்வி சொல்லி அனுப்பினாள்.

ஆழியாற்றில் இறங்கினோம். அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், அணை முழுக்கத் தெரிகிற இடத்தில், புளிச்சோற்றைப் பிரித்தேன். மச்சான் தண்ணீர் மட்டும் குடித்தார்.

மாலையில் அட்டகட்டி. டீக்கடைக்கார அம்மா இட்லிக் குண்டாவைத் திறந்தபடியே, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டார்.

"ஆச்சுங்க. இப்பத்தானுங்க" என்றார் மச்சான்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை அப்படிச் சொல்வது மரியாதை. இரண்டாம் தடவை வற்புறுத்தினால் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த அம்மாவும் முறை தெரிந்தவர்தான், மறுபடி கேட்டார். மச்சான் அப்போதும் ஆச்சுங்க என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஆறு இட்லியை நானே தின்றேன்.

மறுநாள் நல்ல மூடுபனி. மதியம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். அந்தக் குளிரில் நெய் உருகிய வாசத்துக்குச் செத்தவனுக்கும் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தட்டை வாங்கிய மச்சான் ஒரு வாய் வைத்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உப்புப் பத்தலீங்களா மச்சான்?"

"ருசியாத்தான் இருக்குது மாப்ளே. ஆஸ்பத்திரில அவ கடைசியா இதைத்தான் கேட்டா. டாக்டர் ஆகாதுன்னாருன்னு குடுக்காம உட்டுப்போட்டேன்."

எத்தனையோ பண்டம் இருக்க, இதைத்தானா நான் ஆக்க வேண்டும். எனக்கும் சோறு இறங்கவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டு நடந்தோம்.

வால்பாறையில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் இறங்கினோம். இரண்டு பகல் முழுக்க ஏறிய வளைவுகள் அரைத்தூக்கத்தில் கழிந்தன. இறங்கும்போது பொள்ளாச்சி வெயில் நன்றாகவே உறைத்தது. மலைக்குப் போனால் மனம் மாறும் என்பார்கள். எங்களுக்கு ஊர்தான் மாறியது. துக்கம் கூடவே ஏறி, கூடவே இறங்கி வந்தது.

வீட்டு வாசலிலேயே செல்வி நின்றாள்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"ஆச்சு அம்மணி."

அவள் என்னைப் பார்த்தாள். நல்லாச் சாப்பிட்டாரு என்று நானும் சொன்னேன். அவள் என் தோளிலிருந்து பையை வாங்கினாள். கனம் அவள் கையை இழுத்தது. பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை.