ரீவைண்ட் அக்கா

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘ரீவைண்ட் அக்கா’. மதத்தின் பெயரால் ஆள் சேர்க்கும் கும்பல்களில் சிக்கி, பிறகு விலகி வந்தவர்களை எங்கள் ஆராய்ச்சியாளர்கள் பேட்டி எடுப்பார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டு, ஒரு இருமலைக்கூட விடாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஒரு சொல் புரியாவிட்டால் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள். பேசுகிறவர் நிறுத்தினால், அடைப்புக்குறிக்குள் ‘மௌனம்’ என்று போடுவாள்.

“பேசாததுக்கும் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்க்கா” என்பான் பக்கத்து மேசைக்காரன்.

“உன் பேச்சை டைப் பண்ணச் சொன்னா ராஜினாமா பண்ணிடுவேன்டா.”

ஒரு காலை அவள் தம்பி காபி குடித்தபடி அம்மாவிடம் சொன்னான்: “வெளிய இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. எங்க கூட்டத்துல இருக்கிறவங்கதான் உண்மையான சொந்தம்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வாக்கியத்தை எத்தனை குரல்களில் தட்டச்சு செய்திருக்கிறாள்! வாசலோரம் அவன் பை கட்டி வைத்திருந்தான். சனிக்கிழமை முகாமாம். எங்கே என்று சொல்ல மாட்டானாம்.

எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவள் செய்தாள். பேட்டிக் கேள்விகளை வரிசையாக அவனிடமே கேட்டாள்.

“உன்னை முதல்ல யாரு கூட்டிட்டுப் போனா? பழைய ஃப்ரெண்ட்ஸோட பேசுறதை எப்ப நிறுத்தின?”

“நான் என்ன உன் ஆபீஸ் கேஸா? மைக்கையும் கொண்டுவந்து சட்டையில மாட்டு!”

கதவைப் படாரென்று சாத்தினான். அப்புறம் அவளோடு பேச்சே இல்லை.

அதே வாரம் ஒரு பதிவு வந்தது. எது உங்களைத் திருப்பிக் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு, விலகி வந்த ஒருவர் பதிலே சொல்லவில்லை. பேட்டி எடுத்தவரும் அவசரப்படாமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்தது: “எங்க அண்ணி. எப்பப் போனாலும் ஒண்ணும் கேக்காம சோறு போட்டாங்க.”

எல்லாச் சொல்லும் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் அக்கா அந்த மௌனத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது தம்பி எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் நாக்கு நுனியில் அத்தனை கேள்விகள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அங்க போனதும் போனைக் குடுத்துடணுமாம்க்கா.”

“ம்.”

இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள்.

“அம்மா கூப்பிட்டாக்கூட எடுக்க முடியாது. மாத்திரையை நான் ஞாபகப்படுத்தலன்னா அவங்க போடவே மாட்டாங்க.”

“ம்.”

“என்ன ம் ம்னுட்டு? ஏதாவது கேளேன்!”

“சாப்பிடுறியா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்க் கை கழுவினான். அவன் துண்டு பைக்குள் இருந்தது. ஜிப்பைத் திறந்து, அடியிலிருந்து உருவித் துடைத்துவிட்டு, கொடியில் போட்டான்.

சனிக்கிழமை விடிந்தபோதும் துண்டு கொடியிலேயே கிடந்தது. அவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அக்கா சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.