பூதக்கண்ணாடிக்குத் தப்பிய குறை

கோர்டன் ஸீல்கே அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பேஸ்பால் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் தூங்கிவிடுவார். ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளுக்காகவோ ஞாயிறுதோறும் தூக்கத்தைத் தொலைப்பார்.

அட்டைச் சந்தையில் கடைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரம்தான் பேரம் படியும். அந்த நேரம் வந்துவிட்டது. எதிரே 1953-ஆம் வருடத்து முழு செட், ஒன்றுகூட விடுபடாமல். விலை, வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த மொத்தப் பணம். கூரைமேல் இரண்டு குளிர்காலமாக நீலத் தார்ப்பாய் கிடக்கிறது.

பூதக்கண்ணாடியை ஓரங்களில் நகர்த்தினார். நைந்த ஓரத்தைக் கத்தரித்துப் புதிதாகக் காட்டுவது இந்த உலகத்தில் மகாபாவம். ஒரே ஒரு கத்தரி வெட்டு அகப்பட்டால் போதும், தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அகப்படவில்லை.

"என்ன தலைவரே, பேன் பாக்குறீங்களா?" என்றான் கடைக்காரன் பச்சேக்கோ. "பனி கொட்டப் போகுதாம். நான் கிளம்பணும்."

மனைவி பெர்னடெட் காப்பியோடு வந்து நின்றாள். கூரையைச் சொல்லித் தடுப்பாள், அந்தச் சாக்கில் கழன்றுகொள்ளலாம் என்று கோர்டன் நம்பினார்.

"வாங்கித் தொலை," என்றாள்.

"கூரை?"

"இன்னொரு வருஷம் வாளி வச்சுக்கிறேன். முழுசா வாங்கிட்டா தேட ஒண்ணும் இருக்காதுல்ல? ஞாயித்துக்கிழமையாவது வீட்ல கிடப்ப."

பூதக்கண்ணாடிக்குத் தப்பிய குறையை அவள் வெறுங்கண்ணால் பிடித்துவிட்டாள்.

பச்சேக்கோ கடைசிப் பெட்டியின் மூடியை எடுத்தான். "வேணுமா, வேணாமா?"

"வேணாம்." செட்டைத் தள்ளி வைத்தார். "அந்தச் சில்லறை அட்டைப் பெட்டியில அம்பத்துமூணு ஏதாவது கிடக்கா?"

ஒன்று கிடந்தது. மூலை மழுங்கி, நடுவில் மடிந்து, யாருக்கும் நினைவில்லாத ஒரு மாற்று ஆட்டக்காரன். ஒரு சாண்ட்விச் விலை.

"செட் சேக்குறவன் பெரிய ஆளோட அட்டையில ஆரம்பிக்கணும் தலைவரே. அதுதான் விலை ஏறிக்கிட்டே போகும். சில்லறை எங்க ஓடிடப் போகுது?"

"தெரியும்," என்றார் கோர்டன்.

காரில் பெர்னடெட் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒண்ணு. மிச்சம்?"

"தேடணும்."

அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், கைபேசியை எடுத்துக் கூரைக்காரரை அழைத்தாள். பணம் அட்டை அட்டையாகக் கரைவதற்கு முன் ஆளைப் பிடித்தாக வேண்டும்.