அறுபத்தேழில் நடந்த இன்னொன்று

யாரும் கேள்விப்படாத போருக்குச் சாட்சியாக இருப்பது ஓர் உத்தியோகம். அதற்கு ஓய்வு பெறும் வயது கிடையாது. இராணுவச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியமர்ந்த எனக்கு அந்த உத்தியோகமே வாய்த்தது. 1967இல், சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலா கணவாயில், முள்வேலி போடப் போன நம்மவருக்கும் சீனப் படைக்கும் சண்டை மூண்டது. சில நாள்களில் ஓய்ந்தும் போயிற்று. அறுபத்திரண்டுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவே நசுங்கிப்போன அந்தச் சண்டையில் உங்களில் எவரேனும் இருந்திருந்தால், கீழே வருவன உங்களுக்கும் நேர்ந்திருக்கும். சென்ற தை மாதம், அந்தச் சண்டையை யாரும் அறியாததால் ஒரு பெண்ணின் திருமணமே நின்றுபோக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

வார்டில் கேட்ட மலைப்பேச்சு

நான் கணவாயைப் பார்த்ததில்லை. அங்கிருந்து இறக்கப்பட்டவர்களைப் பார்த்தேன். அடிவாரத்து இராணுவ மருத்துவமனையில் ஒருநாள் காலை, காய்ச்சலில் கிடந்த ஒருவர், "அது பாட்டுக்குக் கெடக்கு, விடுங்க" என்று தமிழில் முனகினார். கொடைக்கானலுக்குக் கீழே, நடந்து மட்டுமே போகக்கூடிய வெள்ளகவியைச் சேர்ந்த பொன்னையா அவர். அவர்மேல் குண்டு படவில்லை. நனைந்த பூட்ஸோடு பாறையிடுக்கில் கிடந்ததில், குளிர் கால்விரல்களைக் கருக்கிவிட்டது. பெரும்பாலான விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று.

கட்டு மாற்றும்போது ஆறுதல் சொல்வது என் வழக்கமன்று. பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க ஊருக்குள்ள சாமிக்குப் பயந்து யாரும் செருப்பே போடமாட்டோம் சிஸ்டரம்மா. நான் பூட்ஸு போட்டேன்ல, அதான் வெரசா எடுத்துக்கிருச்சு."

மாலைக்குக் குனியாத கழுத்து

நான் கொடைக்கானலுக்குக் குடிவந்த பிறகு, சுதந்திர தின விழாக்களில் எங்கள் இருவரையும் மேடையில் அமர்த்துவார்கள். ஒரு பள்ளியில், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ஆசிரியை எங்களை 'எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரின் வீரர்கள்' என்று அறிமுகப்படுத்தினார். மாலை வந்தது, பொன்னையா கழுத்தைக் கொடுக்கவில்லை. எழுபத்தொன்றில் அவர் படையை விட்டு வந்து வெள்ளகவியில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். "அது அங்கன போனவுகளுக்கு உள்ள மாலை டீச்சர்" என்று கையால் தடுத்துவிட்டார்.

நான் எழுந்து ஆண்டைத் திருத்தினேன். ஆசிரியை ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தார். "சாரி மேடம், அறுபத்தேழு சிலபஸ்லயே இல்ல."

சேலைக் கரை

நம் மாநிலத்தில் அறுபத்தேழு என்றால் ஆட்சி மாறிய தேர்தல் என்று மட்டுமே பொருள். இதை மறந்து, ஏரிக்கரை டாக்சியில் பொன்னையாவோடு போகும்போது, "அறுபத்தேழு சண்டையில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடி வழியாக என் சேலையை வெகுநேரம் ஆராய்ந்தார். "கரைய வச்சுப் பாத்தாலும் புடிபட மாட்டேங்குதே. நீங்க எந்தக் கட்சிங்கம்மா?"

ஊர் எல்லையில் கழற்றிய செருப்பு

பொன்னையாவின் பேத்தி செல்வி கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறாள். பெரியகுளத்து மாங்காய் வியாபாரி ஒருவரின் மகனுக்கு அவளைப் பேசி, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. தை மாதம் மாப்பிள்ளை வீட்டார் மலைப்பாதையில் ஏறி வந்து, வழக்கப்படி ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றினார்கள். வேறு ஊராயிருந்தால் பொன்னையாவின் பாதங்கள் மறைந்திருக்கும். இங்கே அவைதாம் முதலில் வாசலுக்கு வந்து வரவேற்றன. வியாபாரியின் மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று.

கலந்து பேசிச் சொல்வதாகக் கூறிப் புறப்பட்டுப் போனார்கள். மறுவாரம் தரகர் வழியாகக் காரணம் வந்தது: குஷ்டம் கண்ட குடும்பம். செல்வி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை, உட்காரவும் இல்லை. "எங்க தாத்தா அந்தச் சண்டைய ஊருக்கெல்லாம் சொன்னாரு, ஒருத்தரும் காது குடுக்கல. இப்ப அந்த வெரலு எனக்கு எதுக்க வந்து நிக்குது, சிஸ்டர் பாட்டி."

மாங்காய் வியாபாரி கண்ட வழி

வியாபாரியையும் மனைவியையும் வரவழைத்தேன். தொழுநோய் பரம்பரையாக வருவதன்று, மருந்தில் குணமாகக்கூடியது என்பதை முதலில் சொன்னேன். அது பொன்னையாவுக்கு வரவே இல்லை என்பதை அடுத்துச் சொன்னேன். அறுபத்தேழில் கணவாய்க் குளிரில் கருகிய விரல்களை அகற்றிய அன்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான் என்றேன். அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, "இவுக பொய் சொல்ற ஆளாத் தெரியல" என்றார்.

வியாபாரியும் நம்பினார். ஆனாலும் தலையைச் சொறிந்தார். "நாங்க நம்புறோம்ங்க. எங்க பங்காளிககிட்டப் போயி சைனாக்காரன், பனி, கணவாய்னு சொன்னா, பொண்ணு வீட்டுல நல்லாக் கதை கட்டுறாகன்னுல சொல்லுவாய்ங்க?" என்றவர் சற்று யோசித்தார், முகம் தெளிந்தது. "அறுபத்தேழுன்னுதான சொன்னீங்க? எலெக்‌ஷன் ஊர்வலத்துல கால்ல ஜீப்பு ஏறிருச்சுன்னு சொல்லிருவோம். அதுக்கு ஒருத்தனும் மறுபேச்சுப் பேசமாட்டான்."

சால்வை

நான் உடன்படவில்லை. பொன்னையா மாலைக்கே குனியாதவர் என்றும் எச்சரித்தேன். என் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டார்கள். வேலையை அவர்கள் போக்கில் செய்தார்கள். வைகாசியில் பெரியகுளத்தில் திருமணம். முன்வரிசையில் பொன்னையாவும் நானும் அமர்ந்திருந்தோம். கரைவேட்டி கட்டிய பங்காளி ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "அறுபத்தேழில் கட்சிக்காகக் காலைக் கொடுத்த தியாகி" என்று முழங்கிவிட்டு, சால்வையோடு எங்களை நோக்கி வந்தார்.

ஆண்டைத் திருத்திப் பழகிய நான் எழுந்தேன். பொன்னையா மணமேடையைப் பார்த்தார். செல்வி கழுத்து மாலையைப் பிடித்தபடி தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அன்று வார்டில் பல்லைக் கடிக்கச் சொன்னபோதும் அவர் அப்படிப் பற்றியதில்லை. பிறகு தலையைக் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார். "உக்காருங்க சிஸ்டரம்மா. அந்த அறுபத்தேழோ இந்த அறுபத்தேழோ, ரெண்டுலயும் நம்ம பக்கந்தான ஜெயிச்சுச்சு?"

எல்லையில் நின்றதற்குக் கிடைக்காத சால்வை, எந்தக் காலத்திலும் ஓடாத ஒரு ஜீப்புக்கு அடியில் கால் வைத்ததற்குக் கிடைத்தது.